மூன்று நிறம் போதும்: கையால் வாழ்த்து மடல் செய்யத் தொடங்குவோருக்கு

வாழ்த்து மடல் செய்யலாம் என்று முடிவெடுத்ததும் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: புத்தகக்கடைக்குப் போய் 24 நிறப் பெட்டி ஒன்றை வாங்குவது. நானும் அதைத்தான் செய்தேன். "இதில தங்க நிறமும் இருக்கு தங்கச்சி" என்று கடைக்கார அண்ணா சொன்னதும் மறுபேச்சில்லாமல் காசைக் கொடுத்துவிட்டேன். அந்தத் தைப்பொங்கலுக்குச் செய்த மடல்களில் ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. சிவப்புப் பானை, பச்சைக் கரும்பு, மஞ்சள் சூரியன், நீல வானம், ஊதாக் கோலம், அதற்கு மேல் தங்கப் புள்ளிகள். பட்டாசுப் பெட்டியின் மேலட்டை அதனிடம் தோற்றுப்போகும்.

அடுத்த வருடம் மூன்று நிறத்தோடு நிறுத்திக்கொண்டேன். காசு மிச்சம் என்பது உண்மைதான், ஆனால் அது சின்னக் காரணம். நிறம் குறைந்ததும் எது வெளிர், எது அடர் என்று கண் பார்க்கத் தொடங்கிவிடுகிறது. படம் நிற்பதும் விழுவதும் அதில்தான். மானை நீலமாகத் தீட்டினாலும் மான் மான்தான். ஆனால் மானும் அதன் பின்னால் உள்ள மண்ணும் ஒரே அடர்த்தியில் இருந்தால், எவ்வளவு சரியான மண்ணிறம் போட்டாலும் மானைக் காணக் கிடைக்காது.

எந்த மூன்று?

சிவப்பு, மஞ்சள், நீலம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது ஞாபகம் வரும். நிறம் கலக்கப் பழகுவதற்கு அது நல்லது. மடலில் அப்படியே போட்டால் மூன்றும் சம பலத்தோடு கத்தும். நமக்கு வேண்டியது அடர் ஒன்று, நடுத்தரம் ஒன்று, வெளிர் ஒன்று. காகிதத்தின் வெள்ளை நான்காவது. அதற்குக் காசு ஏற்கெனவே கொடுத்தாயிற்று, ஆகவே தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

நிறத்தைப் பெட்டிக்குள் தேடுவதை விட வெளியே தேடுவது சுலபம். ஒரு பின்னேரம் திருகோணமலைக் கோட்டை வாசலால் நுழைந்து கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில் நில்லுங்கள். மரத்தடியில் புள்ளிமான்கள் படுத்திருக்கும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பாறையும் காய்ந்த புல்லும். அங்கே நூறு நிறம் இருப்பதுபோலத் தெரியும். கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். கடலின் நீலம், பாறையிலும் மானிலும் இருக்கும் செம்மண்ணிறம், புல்லின் காவி மஞ்சள் என்று மூன்றே மிஞ்சும்.

அந்த மூன்றையும் வோட்டர் கலர் குழாய்களில் வாங்கலாம்: அல்ட்ராமரைன் நீலம், பேர்ன்ட் சியென்னா, யெலோ ஓக்கர். தனித்தனிக் குழாயாகக் கிடைத்தால் நல்லது. பெட்டியாகத்தான் கிடைக்கும் என்றால் வாங்கிவிட்டு, மிச்சத்தை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுங்கள்.

இந்தக் கூட்டணியில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பேர்ன்ட் சியென்னா என்பது உண்மையில் அடர்ந்த செம்மஞ்சள். நிற வட்டத்தில் அது நீலத்துக்கு எதிர்ப்பக்கம் நிற்கிறது. எதிர்ப்பக்க நிறங்கள் கலந்தால் ஒன்றையொன்று அணைத்து சாம்பலாகும். தண்ணீர் குறைத்து இரண்டையும் சமமாகக் கலந்தால் கிட்டத்தட்டக் கறுப்பு வரும். நீலம் கொஞ்சம் கூடினால் மழைக்கால வானம், சியென்னா கூடினால் நனைந்த பாறை. அதனால் கறுப்புக் குழாய் தேவையே இல்லை. நீலத்தோடு ஓக்கர் சேர்ந்தால் மங்கலான பச்சை வரும். பளிச்சென்ற இலைப்பச்சை வராது, காய்ந்த பனையோலையின் பச்சைதான் வரும். நம் ஊருக்கு அது போதும்.

கடல் வேண்டாம், பொங்கல் களைதான் வேண்டும் என்பவர்களுக்கு இன்னொரு கூட்டணி: காவி மஞ்சள், குங்குமச் சிவப்பு, கறுப்பு. சுவீடன் நாட்டு ஓவியர் அண்டர்ஸ் சோர்ன் (1860–1920) இந்த மூன்றோடு வெள்ளையையும் வைத்துக்கொண்டு வரைந்ததால் அவர் பெயராலேயே இந்தத் தட்டை அழைக்கிறார்கள். இதில் நீலத்தின் வேலையைக் கறுப்பு பார்க்கும். நீர்த்த கறுப்பைச் சிவப்புக்குப் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு நீலச் சாம்பலாகத் தெரியும். மஞ்சளோடு சேர்த்தால் ஒலிவ் பச்சை. கரும்பின் தோகைக்கு அந்தப் பச்சை நன்றாகப் பொருந்தும்.

நிறமே பயமாக இருக்கிறது என்றால் ஒரே ஒரு அடர்நீலமும் தேயிலைச் சாயமும் எடுங்கள். பால் விடாத கடுந்தேத்தண்ணீரைப் பிரஷ்ஷால் காகிதத்தில் தடவிக் காயவிட்டால் வெளிர் மண்ணிறம் வரும், அதன்மேல் நீலத்தால் வரையலாம். மஞ்சள் தூளைக் கரைத்துத் தீட்டலாமே என்று சிலர் கேட்பார்கள். முதல் நாள் அழகாகத்தான் இருக்கும். ஆனால் வெளிச்சம் பட்டால் மஞ்சள் மங்கிப்போகும், சவர்க்காரம் பட்ட கை தொட்டால் சிவக்கும். அது மடலின் நாலு மூலைக்கும் தடவத்தான் சரி.

ஓர் எச்சரிக்கை. வெறும் கறுப்பு வெள்ளையில் மடல் செய்யாதீர்கள். எவ்வளவு நவீனமாக வரைந்தாலும், தபாலில் எடுத்த மாமி அதை அந்தியேட்டி அழைப்பு என்று நினைத்து ஒரு கணம் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்.

முதலில் நிறச் சீட்டு

இதைத் தாண்டிப் போகத்தான் கை துடிக்கும். தயவுசெய்து தாண்டாதீர்கள். மடலுக்கு எடுக்கும் அதே அட்டையில் ஒரு துண்டு வெட்டி, தனி நிறம் மூன்றையும் சின்னச் சதுரங்களாகத் தீட்டுங்கள். அடுத்த வரிசையில் இரண்டிரண்டாகக் கலந்தவை. ஒவ்வொன்றையும் மூன்று அளவில் போடுங்கள்: அப்படியே, பாதி தண்ணீரோடு, நிறையத் தண்ணீரோடு. கீழே பென்சிலால் "நீலம் 2, சியென்னா 1" என்று எழுதிவையுங்கள். எண் என்பது எத்தனை பிரஷ் நிறம் என்ற கணக்குத்தான்.

கலப்பதற்கு வெள்ளைப் பீங்கான் தட்டு எடுங்கள். சிரட்டையில் கலந்தால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் சிரட்டையின் கறுப்புக்குள் எந்த நிறமும் சரியாகத் தெரியாது. இரண்டு போத்தல் தண்ணீர் வேண்டும். ஒன்று பிரஷ் கழுவ, மற்றது சுத்தமாகக் கலக்க.

காய்ந்தபின் வோட்டர் கலர் ஒரு படி வெளிறும். ஈரத்தில் சரியாக இருந்த நிறம் காலையில் சோகை பிடித்ததுபோல் கிடக்கும். ஆகவே சீட்டைக் காயவிட்டு, பகல் வெளிச்சத்தில் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். போனில் அதைப் படமெடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றியும் பாருங்கள். இரண்டு சதுரங்கள் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் அவற்றை மடலில் பக்கத்தில் பக்கத்தில் வைக்கக் கூடாது.

அட்டையும் மடிப்பும்

200 முதல் 250 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீற்றர் அட்டையின் எடை, கிராமில்) வரையுள்ள வெள்ளை அட்டை வேண்டும். பிறிஸ்டல் போர்ட் போதும். ஏ4 தாளை நடுவில் குறுக்கே வெட்டினால் 21 × 14.8 செ.மீ. அளவில் இரண்டு துண்டு வரும். ஒவ்வொன்றையும் 10.5 செ.மீ. இல் மடித்தால் ஏ6 மடல். ஒரு தாளில் இரண்டு மடல், வீண் இல்லை.

மடிப்பு வெடித்து நார் தெரிந்தால் அட்டையின் நார் ஓட்டத்துக்குக் குறுக்கே மடித்துவிட்டீர்கள் என்று அர்த்தம். அட்டையைக் கையில் எடுத்து நீளப்பாட்டிலும் அகலப்பாட்டிலும் மெதுவாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எதிர்ப்பின்றி வளைகிறதோ அந்தப் பக்கமாக மடிக்க வேண்டும். மடிக்குமுன் அடிமட்டத்தை வைத்து, மை தீர்ந்த பேனாவால் அழுத்தி ஒரு கோடு போட்டால் மடிப்பு நேராக விழும். படம் வரைந்தபின் மடிப்பதா, மடித்தபின் வரைவதா? கோடு போட்டுவிட்டு, மடிக்காமல் தட்டையாக வைத்து வரைந்து, காய்ந்தபின் மடியுங்கள்.

நெருப்புப்பெட்டி அளவில்

கொப்பியில் நெருப்புப்பெட்டி அளவில் நாலைந்து பெட்டி கீறி, ஒவ்வொன்றிலும் பென்சிலால் மட்டும் படத்தை வையுங்கள். விவரம் வேண்டாம். வெள்ளை எங்கே, சாம்பல் எங்கே, கறுப்பு எங்கே என்று மூன்றே பூச்சு. ஒரு பெட்டிக்கு ஒரு நிமிடம்.

எவ்வளவு இடத்தை எந்த நிறத்துக்குக் கொடுப்பது என்ற கேள்விக்கு வடிவமைப்பாளர்கள் 60, 30, 10 என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். சாப்பாட்டுத் தட்டை நினைத்தால் மறக்காது. சோறு 60, கறி 30, சம்பல் 10. சோறு என்பது பெரும்பாலும் வெள்ளையோ வெளிர் நிறமோதான். கறி நடுத்தரம். சம்பல் கொஞ்சமாக, உறைப்பாக, ஒரே மூலையில். தட்டு முழுக்கச் சம்பல் வைத்தவர் கதைதான் என் முதல் மடல்.

ஒரு புள்ளிமான் மடல்

இனி வரையலாம். கோட்டை மான் ஒன்று, பின்னால் கடல், தூரத்தில் ஒரு படகு.

மானின் வெளிக்கோட்டைப் பென்சிலால் மெல்லியதாகக் கீறுங்கள். அழிறப்பரை அழுத்தித் தேய்க்காதீர்கள். தேய்த்த இடத்தில் காகிதத்தின் தோல் எழும்பி, நிறம் அங்கே மட்டும் கறையாக இறங்கும்.

அடுத்தது மெழுகுதிரி. வெள்ளை மெழுகுதிரியின் நுனியைக் கத்தியால் பென்சில்போலச் சீவி, மானின் முதுகெலும்பை ஒட்டி ஒரு வரிசை, அதன் கீழே சிதறலாகச் சில என்று அழுத்திப் புள்ளி வையுங்கள். வெள்ளை அட்டையில் வெள்ளை மெழுகு கண்ணுக்குத் தெரியாது. அட்டையை ஜன்னல் வெளிச்சத்துக்குச் சரித்துப் பிடித்தால் புள்ளிகள் மினுங்கும். வயிற்றின் அடியிலும் வாலின் அடியிலும் ஒரு கீற்று இழுத்துவிடுங்கள், அங்கேயும் மான் வெள்ளைதான்.

இப்போது சியென்னா இரண்டு பங்கு, ஓக்கர் ஒரு பங்கு, தண்ணீர் தாராளமாக. தட்டில் போதுமான அளவு கலந்துகொண்டுதான் தொடங்க வேண்டும். பாதி மானில் நிறம் தீர்ந்துபோய் மறுபடி கலந்தால் இரண்டாவது கலவை முதலாவதோடு ஒருபோதும் ஒத்துவராது. பிரஷ் நிறைய எடுத்து, தலையில் தொடங்கி வால்வரை நிறுத்தாமல் தீட்டுங்கள். சேம்பிலையில் தண்ணீர்போல மெழுகின்மேல் நிறம் ஒட்டாமல் உருண்டு விலகும். புள்ளிகள் தாமாக வெளியே வரும். பக்கத்து வீட்டுச் சின்னவள் இதை முதல்தரம் பார்த்தபோது "அன்ரி, திரும்பச் செய்யுங்கோ" என்று ஆறு மான் வரைய வைத்துவிட்டாள்.

காயவிடுங்கள். காய்ந்துவிட்டதா என்பதை விரல் நுனியால் பார்க்க வேண்டாம், தடம் விழும். புறங்கையை மெதுவாக வைத்துப் பாருங்கள். குளிர்ந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

அப்புறம் அடர் நிறம். சியென்னாவோடு நீலத்தைச் சேர்த்து, தண்ணீர் குறைத்து, சின்னப் பிரஷ்ஷால் கண், மூக்கு, காதின் உட்புறம், முதுகுக் கோடு, குளம்பு. அவ்வளவுதான். எல்லாக் காலையும் கோடு போட்டுச் சுற்றிவளைக்க வேண்டும் என்று தோன்றும், அந்த ஆசையை அடக்குங்கள்.

கடலுக்கு நீலம் நிறைய, சியென்னா ஒரு துளி, தண்ணீர் அதிகம். மானுக்குப் பின்னால் ஒரு கிடைப்பட்டை, உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு போதும். வானத்தை விட்டுவிடுங்கள். காகிதமே வானம். கடைசியாகச் சம்பல்: கலப்படமில்லாத நீலத்தைக் கெட்டியாக எடுத்து, கடலின் விளிம்பில் நகக்கண் அளவில் ஒரு படகு. மானின் செம்மண்ணிறத்துக்கு எதிர்நிறம் என்பதால் அந்தப் பொட்டளவு நீலமே கண்ணை இழுத்து மடல் முழுவதும் நடக்க வைக்கும்.

முப்பது மடல் வேண்டுமென்றால்

முப்பது மானை ஒவ்வொன்றாக வரைய முடியாது, வரையவும் வேண்டாம். அச்சுக்குத் திரும்புங்கள். வெண்டிக்காயைக் குறுக்கே வெட்டினால் ஐந்து மூலைப் பூ தயார். வெட்டியதும் அச்சடிக்கக் கூடாது, வழுவழுப்பு நிறத்தை வழுக்கும். துணியில் ஒற்றிப் பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். உருளைக்கிழங்கு பெரிய வடிவங்களுக்கு நல்லது. நுணுக்கமான வேலைக்கு அழிறப்பரைச் செதுக்கலாம். அச்சுக்குப் போஸ்டர் கலர்தான் சரி, வோட்டர் கலர் ஓடும். நிறத்தை ஒரு துண்டு ஸ்பொஞ்சில் ஊறவைத்து, அதில் ஒற்றி எடுத்து அடியுங்கள். அச்சை நேரடியாக நிறத்துக்குள் தோய்த்தால் பூ வராது, சேறுதான் வரும்.

ஒரு நிறத்தை முப்பது மடலிலும் அடித்து முடித்துவிட்டு அடுத்த நிறத்துக்குப் போங்கள். வெளிர் முதலில், அடர் கடைசியில். காவி மஞ்சள் பூவின் ஓரத்தில் தண்ணீர் கலந்த நீலம் ஏறிப்போனால், ஏறிய இடம் பச்சையாகும். இரண்டு நிறம் அடித்து மூன்று கிடைத்த கணக்கு. முதலில் தற்செயலாகத்தான் நடக்கும், பிறகு வேண்டுமென்றே செய்வீர்கள்.

அயலில் எல்லாப் பண்டிகையும் வருவதால் அச்சை வீசிவிடாதீர்கள். அதே பூ அச்சு, குங்குமச் சிவப்பில் பொங்கலுக்கு. காவி மஞ்சளில் பக்கத்துச் சிங்கள வீட்டுக்கு வெசாக் மடல். நோன்புப் பெருநாளுக்கு நீலத்தால் மேல்பாதியைத் தீட்டும் முன் பிறையை மெழுகால் கீறிவிட்டால், இரவு வானத்தில் பிறை வெள்ளையாக வந்து நிற்கும்.

எழுத்து

எழுத்தை அச்சாகச் செதுக்க வேண்டாம் என்பது என் கட்சி. இடவல மாற்றம் ஒரு தலையிடி, அதற்கு மேல் ழ, ஞ போன்றவற்றின் உள்வளைவுகளில் நிறம் அடைத்து எழுத்தே பொட்டாகிவிடும். படம் அச்சில், வாழ்த்து கையால்.

அடிமட்டத்தால் மெல்லிய இரண்டு கோடு போடுங்கள். தமிழ் எழுத்து மேலே விசிறியும் கீழே காலும் நீட்டும், ஆகவே வரிக்கு வரி தாராளமாக இடம் விடுங்கள். எழுதுமுன் வேறு தாளில் ஒருமுறை எழுதி அகலத்தை அளந்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் கடைசி "கள்" மடலின் விளிம்பில் நெருக்கியடித்து நிற்கும். "வாழ்த்துக்கள்" சரியா "வாழ்த்துகள்" சரியா என்ற சண்டையில் நான் இரண்டாவதன் பக்கம். ஓர் எழுத்து மிச்சம்.

எழுத்துக்கு எப்போதும் மூன்றில் மிக அடர்ந்த நிறம். வெள்ளையில் காவி மஞ்சள் எழுத்து உங்களுக்கு அழகாகத் தெரியும், அம்மம்மாவுக்கு வெறும் அட்டையாகத் தெரியும்.

வாடையும் கச்சானும்

தைப்பொங்கல் ஜனவரி நடுவில் வருகிறது. அதற்கு மடல் செய்யும் மார்கழிதான் இங்கே வாடை மழைக் காலம். ஒரு வருடம் போஸ்டர் கலரில் முப்பது மடல் அச்சடித்து, மேலுக்குக் காய்ந்ததும் அடுக்கி, றப்பர் பாண்ட் போட்டு வைத்தேன். இரண்டு நாள் மழை. பிரித்தபோது ஒவ்வொரு மடலின் பூவும் அடுத்த மடலின் முதுகில் இருந்தது. போஸ்டர் கலரில் நிறத்தைப் பிடித்து வைத்திருப்பது தண்ணீரில் கரையும் பசை. காற்றின் ஈரத்திலேயே அது மறுபடி இளகும். இப்போது ஒவ்வொரு மடலுக்கும் இடையில் எண்ணெய்த்தாள் வைக்கிறேன், நிறத்தை மெல்லியதாக அடிக்கிறேன், விசிறிக்குக் கீழே ஓர் இரவு முழுதும் விடுகிறேன்.

வெசாக் சமயம் நிலைமை தலைகீழ். கச்சான் காற்று வீசினால் (இங்கே கொறிக்கும் கடலைக்கும் அதே பெயர்தான்) தட்டில் கலந்த நிறம் ஒரு மானை முடிப்பதற்குள் காய்ந்துவிடும். காலையில் வெயில் ஏறுமுன் தீட்டுங்கள், தட்டின் மேல் ஈரத்துணி போட்டு வையுங்கள்.

மடல் வளைந்துபோனால் பயப்பட வேண்டாம். முற்றாகக் காய்ந்தபின் இரண்டு வெள்ளைத் தாளுக்கு இடையில் வைத்து, மேலே பாரமான புத்தகங்களை ஓர் இரவு ஏற்றிவிட்டால் படிந்துவிடும்.

உறை

ஏ4 தாளிலிருந்து 21 செ.மீ. சதுரம் ஒன்று வெட்டுங்கள். மூலை உங்களைப் பார்க்கும்படி சாய்சதுரமாக வைத்து, மடலை நடுவில் கிடையாக வையுங்கள். இடம் வலம் இரண்டு மூலைகளையும் உள்ளே மடியுங்கள், மடலின் விளிம்பிலிருந்து இரண்டு மில்லிமீற்றர் தள்ளித்தான். ஒட்டி மடித்தால் மடல் உள்ளே போகாது. கீழ் மூலையை மேலே மடித்து, பைண்டர் கம் மெல்லியதாகத் தடவி ஒட்டுங்கள். மேல் மூலை மூடி. பாடசாலைக் கொப்பிக்கு உறை போடும் மண்ணிறத் தாளில் செய்தால் நம் நிறங்களோடு பொருந்தும். ஏ4 இலிருந்து மிஞ்சும் எட்டரை சென்ரிமீற்றர் சொச்சப் பட்டையை எறியாதீர்கள், அடுத்த பெயர்ச்சீட்டுகளுக்கு ஆகும்.

தபாலில் போவதென்றால் பண்டிகைக்கு இரண்டு கிழமை முன்னரே கந்தோரில் சேர்த்துவிடுங்கள். முகவரியைப் பேனாவால் எழுதுங்கள், வோட்டர் கலரால் எழுதினால் மழையில் தபால்காரர் கையோடு போய்விடும். ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு மடலை நீங்கள் வைத்துக்கொண்டு, அதன் முதுகில் பென்சிலால் கலவைக் கணக்கையும் திகதியையும் எழுதுங்கள். முத்திரை ஒட்டும் மூலையை வெறுமையாக விடுங்கள். அங்கே எந்த நிறம் வரும் என்பது கந்தோரில் அன்றைக்கு எந்த முத்திரை இருக்கிறது என்பதைப் பொறுத்தது.